ரோடு ரோலருக்கு அடியில் போவது எது? எஞ்சின் மாற்றம், ஹெட்டர், சட்டம்: ஒரு விளக்கம்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாலையில் வரிசையாக அடுக்கிய சைலன்சர்கள், சுற்றிலும் போலீஸார், கேமராக்கள். ரோடு ரோலர் மெதுவாக ஏறி இறங்க, குழாய்கள் தகடாகின்றன. பெங்களூரு, மும்பை, புனே என்று ஊர் மாறும், காட்சி மாறாது. கமென்ட்டில் ஒரு தரப்பு கைதட்டும். இன்னொரு தரப்பு, "அது என் ஒரு மாசச் சம்பளம்" என்று புலம்பும்.

நள்ளிரவில் தெருவையே எழுப்பிவிட்டுப் போகும் பைக்கைச் சபிக்காதவர்கள் நம்மில் யாரும் இல்லை. அதனால் கைதட்டுபவர்கள் பக்கம் நியாயம் இருக்கு. ஆனால் அந்த வரிசையில் எல்லாமே ஒரே ரகமா? உள்ளே இருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் குழாயை மாட்டியவரும், மில்லிமீட்டர் கணக்கில் அளந்து ஹெட்டர் செய்தவரும் ஒரே குற்றவாளிகளா? இப்போதைய சட்டத்தின் கண்ணில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அது ஏன் என்று புரிய, முதலில் அந்தக் குழாயைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஹெட்டர் என்றால் என்ன?

எஞ்சினில் எரிந்த வாயு வெளியேறும் முதல் குழாய்த் தொகுதிதான் ஹெட்டர். சைலன்சர் வேறு, ஹெட்டர் வேறு. சைலன்சர் வால்பக்கம் இருக்கும், அதன் வேலை சத்தத்தை அடக்குவது. ஹெட்டர் எஞ்சினோடு போல்ட் போட்டு ஒட்டியிருக்கும், அதன் வேலை வாயுவை ஒழுங்காக வெளியே எடுப்பது.

கம்பெனி கார்களில் பெரும்பாலும் இந்த இடத்தில் வார்ப்பிரும்பில் அல்லது அழுத்திய தகட்டில் செய்த மேனிஃபோல்ட் இருக்கும். குட்டையானது, மலிவானது, பல வருடம் உழைக்கும். ஹெட்டர் அப்படியில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தனிக் குழாய் கிளம்பி, கடைசியில் கலெக்டர் என்ற இடத்தில் ஒன்றுசேரும்.

தனித்தனிக் குழாய் எதுக்கு? 6,000 ஆர்பிஎம்மில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 50 முறை வாயுவைத் துப்புகிறது. ஒவ்வொரு துப்பலும் ஓர் அழுத்த அலை. அது கலெக்டரை அடைந்ததும், அங்கே குழாய் திடீரென அகலமாவதால், ஒரு பகுதி குறைந்த அழுத்த அலையாகத் திரும்பி வரும். அது சரியான நொடியில் வால்வுக்கு வந்து சேர்ந்தால் மிச்சப் புகையையும் உறிஞ்சி எடுத்துவிடும், அந்த இடத்தில் புதுக் கலவை நுழையும். நேரம் தப்பினால் பலன் இல்லை, சில வேகங்களில் சக்தி குறையவும் செய்யும். ஆக, ஹெட்டரின் மொத்த ரகசியமும் நேரக் கணக்குதான். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது குழாயின் நீளம்.

எஞ்சின் மாறினால் ஏன் புது ஹெட்டர்?

ஒரு காருக்குள் அதற்கென்று பிறக்காத எஞ்சினை வைப்பதுதான் எஞ்சின் ஸ்வாப். இந்தியாவுக்கு இது புதுசு இல்லை. 1990களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே அம்பாசடரில் ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை வைத்து விற்றது. தொழிற்சாலை செய்தால் அது புது மாடல், முறையான ஒப்புதலோடு வரும். தனி ஆள் பட்டறையில் செய்தால் கதையே வேறு.

புது எஞ்சின் உள்ளே இறங்கியதும் முதலில் முட்டுவது பெரும்பாலும் புகை வெளியேறும் பக்கம்தான். பழைய எஞ்சினில் வலப்பக்கம் இருந்த துவாரங்கள் இதில் இடப்பக்கம் இருக்கலாம். ஸ்டீயரிங் தண்டு, பிரேக் பூஸ்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், சேசிஸ் சட்டம் என்று எல்லாமே வழியில் நிற்கும். எஞ்சினோடு வந்த மேனிஃபோல்ட் அதன் பழைய காருக்காக வளைக்கப்பட்டது, இந்தக் காருக்குள் உட்காராது. இந்த ஒரு வண்டிக்கென்றே ஒரு ஹெட்டர் செய்தாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ட்யூனர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் ஒரு தோராயச் சூத்திரம் உண்டு. வெளியேற்ற வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொடுவதற்கு எத்தனை டிகிரி முன்னால் திறக்கிறதோ அதை 180-உடன் கூட்டுங்கள். 850-ஆல் பெருக்கி, எந்த ஆர்பிஎம்மில் அதிக பலன் வேண்டுமோ அதனால் வகுத்து, 3-ஐக் கழியுங்கள். வருவது முதன்மைக் குழாயின் நீளம், அங்குலத்தில்.

வால்வு 60 டிகிரி முன்னால் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9,000 ஆர்பிஎம்முக்கு விடை சுமார் 19.7 அங்குலம், அதாவது 50 செ.மீ. அதையே 6,000 ஆர்பிஎம்முக்குப் போட்டால் 31 அங்குலம், கிட்டத்தட்ட 79 செ.மீ. பந்தய பைக்குக்குக் குட்டைக் குழாய் போதும், சாலைக் காருக்கு நீளமான குழாய் வேண்டும். அதுவும் நான்கு, முடிந்தவரை சம நீளத்தில். 79 செ.மீ. நீளக் குழாய்கள் நான்கை, வேறு எஞ்சினுக்காக அளவெடுத்த ஒரு பெட்டிக்குள் எதிலும் முட்டாமல் மடித்து வைக்க வேண்டும். பட்டறைக்காரரின் தலைவலி இங்கேதான் ஆரம்பம்.

பட்டறையில் என்ன நடக்கிறது?

நல்ல வேலை வெல்டிங்கில் தொடங்காது, மாதிரியில் தொடங்கும். எஞ்சினை அதன் மவுன்ட்டில் இறுதியாக உட்காரவைத்த பிறகுதான் குழாயின் வழியை யோசிக்கவே முடியும். எஞ்சின் பிற்பாடு ஒரு செ.மீ. நகர்ந்தாலும் ஹெட்டர் வீண்.

மாதிரிக்கு, ஒன்றோடொன்று சொடுக்கிச் சேரும் ஒரு அங்குல பிளாஸ்டிக் கட்டைகள் கிடைக்கின்றன. நேர்க்கட்டை, வளைவுக்கட்டை என்று மாற்றி மாற்றிக் கோத்து வழி பார்க்கலாம். கட்டைகளை எண்ணினால் நீளமும் தெரிந்துவிடும். அது கைக்கெட்டாதவர்கள் 3டி பிரின்டரில் அச்சடிக்கிறார்கள், பிவிசி குழாயை வெட்டி ஒட்டுகிறார்கள், அல்லது வெல்டிங் ராடை வளைத்துக் குழாயின் நடுக்கோட்டை வரைந்து பார்க்கிறார்கள். வழி எதுவானாலும், சம நீளம் வரும்வரை பொறுமையாகக் கலைத்துக் கலைத்து அடுக்க வேண்டும்.

அடுத்து ஃபிளாஞ்ச். எஞ்சின் தலையோடு போல்ட் போடும் தடித்த தகடு இது. பழைய கேஸ்கட்டை அச்சாக வைத்து அளவெடுத்து, 8 முதல் 10 மி.மீ. தகட்டை லேசரில் வெட்டி வாங்குவது இப்போது சகஜம். குழாய் விளிம்பு எஞ்சின் துவாரத்துக்குள் நீட்டிக்கொண்டு நின்றால் வாயு அங்கேயே முட்டித் திரும்பும்.

பிறகு குழாய். உள்ளே தாங்குகம்பி கொடுத்து வளைக்கும் மேண்ட்ரல் பெண்டு என்றால் வளைவிலும் குழாயின் வட்டம் குலையாது. சாதாரணமாக வளைத்தால் உட்புறம் நசுங்கிச் சுருங்கும். அதனால் தயார் பெண்டுகளை வாங்கி, பேண்ட்சாவில் தேவையான கோணத்துக்கு அறுத்துச் சேர்க்கிறார்கள். எல்லாத் துண்டையும் வண்டியிலேயே வைத்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக டாக் மட்டும் போட்டு, ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்ப்பார்கள். பக்கத்துக் குழாய் மறைத்து ஸ்பேனர் நுழையாத போல்ட் ஒன்றாவது இருக்கும். அதைக் கண்டுபிடிக்க இதுதான் கடைசி வாய்ப்பு.

கடைசியில்தான் நம் ஊர்ப் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்று சொல்லும் டிக் வெல்டிங். எஸ்எஸ் குழாய் என்றால் வெளியே மட்டும் ஆர்கான் போதாது, குழாயின் உள்ளேயும் வாயுவை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பற்றின் உட்புறம் காற்றோடு சேர்ந்து கருகி, பொருபொருவென்று சர்க்கரை மாதிரி ஆகிவிடும். வெளியே பார்த்தால் அழகாக இருக்கும், ஆனால் முதலில் விரிசல் விடுவது அந்த இடம்தான்.

எங்கே சொதப்பும்?

முதலாவது, வெப்பம். 304 ரக எஸ்எஸ், சாதாரண எம்எஸ்ஸைவிட அதிகம் விரியும். 50 செ.மீ. குழாய் 600 டிகிரி சூடேறினால் எஸ்எஸ் சுமார் 5 மி.மீ. நீளும், எம்எஸ் சுமார் 3.6 மி.மீ. நான்கு குழாயும் ஒரே சமயத்தில் ஒரே அளவு சூடாகாது. இரு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டால் அந்த இழுவை மொத்தமும் வெல்டிங் மேல் விழும். சறுக்கி நகரும் ஸ்லிப் ஜாயின்ட், வளைந்து கொடுக்கும் பெல்லோஸ் எல்லாம் அதுக்குத்தான்.

இரண்டாவது, ஃபிளாஞ்ச் கோணல். வெல்டிங் சூட்டில் தகடு வளையும். பழைய சிலிண்டர் ஹெட்டிலோ கனமான தகட்டிலோ போல்ட் போட்டுப் பிடித்து, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைத்து, கடைசியில் முகத்தைச் சமன்செய்ய வேண்டும். இதைத் தவிர்த்தால் புகை கசியும். கசிவு ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். "பெட்ரோல் போதவில்லை" என்று இசியு ஏமாந்து கூடுதலாக ஊற்றும். மைலேஜும் போகும், மாசும் கூடும்.

மூன்றாவது, செய்பவரின் உடம்பு. எஸ்எஸ் வெல்டிங் புகையில் வரும் ஒருவகைக் குரோமியம் புற்றுநோய்க் காரணி. கால்வனைஸ்டு குழாயைப் பற்றவைத்தால் துத்தநாகப் புகையில் காய்ச்சலே வரும். அடைந்த ஷெட்டில் ஆர்கான் தேங்கினால் மூச்சுத் திணறும். காற்றோட்டமும் சுவாசக் கவசமும் இல்லாமல் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52(1)தான் மையம். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. ஆர்சியில் எஞ்சின் எண், சிசி, எரிபொருள் எல்லாம் இருக்கின்றன. 1,300 சிசி இருந்த இடத்தில் 1,800 சிசியை வைத்தால் அந்த நிமிடமே விவரம் மாறிவிடுகிறது.

2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு இதை இன்னும் இறுக்கியது. தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது, விதிகளைக் காட்டிச் சட்டப் பிரிவைத் தாண்ட முடியாது என்றது. எஞ்சின் பழுதாகி, அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை வைப்பதற்கு வழி இருக்கிறது. பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற்று, புது எண்ணை ஆர்சியில் ஏற்ற வேண்டும். பெரிய எஞ்சினுக்கு அந்தக் கதவு திறக்காது.

எஞ்சினைத் தொடாமல் ஹெட்டரை மட்டும் மாற்றினால்? இங்கேதான் சாம்பல் நிறம். வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் சட்டம் 'மாற்றம்' என்று விளக்குகிறது. ஒரு குழாய் அந்த வரையறைக்குள் வராது என்று வாதாடலாம். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள் வேறு வழியில் பிடிக்கும். விதி 120 சைலன்சர் கட்டாயம் என்கிறது, ஒலி வரம்பையும் சேர்த்துச் சொல்கிறது. விதி 115 புகை அளவுக்கானது. விதி 112-இன்படி கார் புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ வரக் கூடாது. பயணிகள் வண்டியில் எரிபொருள் குழாய்க்கு 35 மி.மீ. தூரத்துக்குள் புகைக்குழாய் இருக்கக் கூடாது என்கிறது விதி 113.

தண்டனை? 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்குப் பிரிவு 182ஏ(4)-இன்படி ஒரு மாற்றத்துக்கு ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி, காற்று மாசு வரம்பை மீறினால் பிரிவு 190(2)-இன்படி முதல் முறையே ரூ.10,000 வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே 3 மாதம் லைசென்ஸும் போகும்.

சத்தத்தை அளப்பது யார்?

வரம்பு எண்ணாகவே இருக்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 80 டெசிபல், சாதாரண காருக்கு 74 டெசிபல். ஆனால் இவை தயாரிப்புக் கட்டத்துக்கான வரம்புகள். சோதனைத் தடத்தில், வண்டி கடந்துபோகும் கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து, குறிப்பிட்ட வேகத்தில் வந்து முடுக்கும்போது எடுக்கும் அளவு. சிக்னலில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முறுக்கி, போன் ஆப்பில் பார்க்கும் எண்ணை இதோடு ஒப்பிட முடியாது. தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது அடிப்படை. அரை மீட்டரில் எடுப்பதற்கும் 7.5 மீட்டரில் எடுப்பதற்கும் திறந்தவெளியிலேயே சுமார் 23 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும்.

இதை ஒழுங்காக அளக்கும் இடம் ஒன்று உண்டு. பொறியியல் மாணவர்கள் பங்கேற்கும் ஃபார்முலா பாரத் போட்டி கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. இதில் பல அணிகள் 373 சிசி கேடிஎம் 390 மாதிரியான பைக் எஞ்சினை எடுத்து, தாங்களே பற்றவைத்த சட்டகத்தில் வைக்கிறார்கள். அதுவும் எஞ்சின் மாற்றம்தானே? ஹெட்டரும் அவர்கள் கை வேலைதான். ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிப்படி, குழாய் முனையிலிருந்து அரை மீட்டரில், 45 டிகிரி கோணத்தில் மைக் வைக்கிறார்கள். எந்த ஆர்பிஎம்மில் அளப்பது என்பதும் விதியிலேயே இருக்கிறது. சி அளவுகோலில் 110 டெசிபலைத் தாண்டினால் கார் ஓடுதளத்தில் இறங்க முடியாது. சரிசெய்து திரும்ப வரலாம். 110 என்பது தெருவுக்கு ஏற்ற அளவு இல்லை. ஆனால் எங்கே, எப்படி, எவ்வளவு என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்.

அப்போ சட்டம்தான் தப்பா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பிஎஸ்6 கார்கள் பலவற்றில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டை ஒட்டியே இருக்கிறது. ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் சூடாகி வேலையைத் தொடங்க வேண்டும் என்பதற்காக அப்படி வைக்கிறார்கள். மேனிஃபோல்டைக் கழற்றி ஹெட்டர் போட்டால் பெரும்பாலும் அதுவும் சேர்ந்து போய்விடும். "பியூசி வாங்கிட்டேனே" என்பது பதில் ஆகாது. பெட்ரோல் வண்டிக்கான பியூசியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான் முக்கிய அளவுகள், நைட்ரஜன் ஆக்சைடுகள் அதில் கிடையாது. உங்கள் ஹெட்டர் தரும் கூடுதல் சக்திக்கான விலையைப் பின்னால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் மூச்சில் கொடுக்கக் கூடாது. அந்த வகையில் கட்டுப்பாடு நியாயமானது.

குறை, பரிசோதனைக்கான கதவு இல்லாததில் இருக்கிறது. சிஎன்ஜி, எல்பிஜி, மின்சார மாற்றத்துக்கு நம் சட்டமே வழி வைத்திருக்கிறது. கிட் சோதனையாகி ஒப்புதல் பெறும், அங்கீகரித்தவர் பொருத்துவார், ஆர்சியில் ஏறும். ஆனால் அது ஒரே மாதிரி பலருக்கு விற்கும் கிட்டுக்கான ஏற்பாடு. ஒரே ஒரு வண்டிக்காகச் செய்த பாகத்துக்குப் பொருந்தாது. 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளும் 50 வருடம் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கே.

பிரிட்டனில், கையால் கட்டிய, பெருமளவு மாற்றிய கார்களுக்குத் தனி வாகன ஒப்புதல் சோதனை உண்டு. பிரேக், புகை, சத்தம் எல்லாம் அந்த ஒரு வண்டியில் அளந்து பார்த்த பிறகே சாலைக்கு விடுவார்கள். ஜெர்மனியிலும் தனி வண்டியைப் பரிசோதித்து ஒப்புதல் தரும் முறை இருக்கிறது. இரண்டுமே சலுகை இல்லை, கடுமையான தேர்வுகள். ஆனால் தேர்வு என்று ஒன்று இருக்கிறது.

இங்கே தேர்வே இல்லாததால் என்ன ஆகிறது? உள்ளே ஆர்கான் நிரப்பி, கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் திரும்பப் பொருத்தி, சத்தத்தை அடக்கிச் செய்கிற வெல்டருக்கு அந்தக் கூடுதல் உழைப்பால் சட்டரீதியாக எந்தப் பலனும் இல்லை. வெறும் குழாயை ஒட்டிக் கொடுப்பவருக்கும் அவருக்கும் ஒரே அந்தஸ்து. நல்ல வேலைக்குப் பரிசு இல்லாத சந்தையில் மலிவான வேலைதான் ஜெயிக்கும். தெருவில் சத்தம் குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் இப்போது என்ன செய்யலாம்?

சாலையில் ஓட்டும் வண்டி என்றால், பெரிய எஞ்சின் கனவைத் தள்ளி வையுங்கள். ஆர்சியில் ஏறாத மாற்றம், விபத்து நடந்த நாளில்தான் உண்மையான விலையைக் காட்டும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, சொந்தச் சேதத்துக்கான கிளெய்மை இன்ஷூரன்ஸ் நிறுவனம் மறுக்கலாம். அதே வகை எஞ்சினை மாற்றுகிறீர்கள் என்றாலும், ரசீது இல்லாத எஞ்சினைத் தொடாதீர்கள். அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று நாளை உங்களைத்தான் கேட்பார்கள்.

கையால் செய்யும் ஆசை விடவில்லையா? ஓடுதளத்துக்கு மட்டுமான வண்டி, மாணவர் அணி, பந்தயப் பட்டறை என்று இடங்கள் உண்டு. வண்டியைச் சாலையில் ஓட்டாமல், டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

அடுத்த முறை அந்த ரோடு ரோலர் வீடியோ உங்கள் போனில் வரும்போது கைதட்டுங்கள், தப்பில்லை. கூடவே ஒரு கேள்வியையும் கேளுங்கள்: இதில் எத்தனை குழாயை அளந்து பார்த்தார்கள்? அளக்க ஒரு இடமும், தேற ஒரு வழியும் இருந்திருந்தால், ரோலருக்கு அடியில் போக வேண்டியவை மட்டும் போயிருக்கும்.